மாடி வீட்டுச் சமையலறைக் கழிவு: பொக்காஷியா, கூடையா, என்சைமா?

கீழே மண் இல்லாத வீட்டில் மக்கும் குப்பையை என்ன செய்வது? பினாங்குத் தீவில் ரெலாவ், ஃபார்லிம், கெலுகோர், சுங்கை டுவா என்று எந்தப் பக்கம் போனாலும் நம்மவர்கள் பலர் அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். கடைக்குத் துணிப்பை கொண்டுபோவது, பழைய நாளிதழை வண்டிக்காரரிடம் போடுவது எல்லாம் பழகிப் போய்விட்டது. மிச்சம் இருப்பது சமையலறைதான். வெங்காயத் தோல், தேங்காய்ச் சக்கை, நெத்திலித் தலை, வடிகட்டிய தேத்தூள், நேற்றைய சாம்பாரின் அடிமண்டி. இதற்கு இப்போது ஐந்தாறு வழிகள் சொல்கிறார்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூட்டம், ஒரு வாட்ஸ்அப் குழு, விற்பதற்கு ஒரு பொருள்.

இதில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியில் கையில் வந்து சேர்வதை எங்கே போடப் போகிறீர்கள்? எந்த முறையிலும் குப்பை காணாமல் போவதில்லை. உரமாகவோ, புளித்த கூழாகவோ, காடித் தண்ணீராகவோ, காய்ந்த தூளாகவோ ஏதோ ஒன்று மிஞ்சும். அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முறையைத் தேடினால் பாதிக் குழப்பம் தீரும். முறையை முதலில் வாங்கிவிட்டு இடத்தைத் தேடுபவர்களின் வாளிதான் பால்கனி மூலையில் மூடியோடு கிடக்கிறது.

முதலில், இப்போது அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வோம். தீவின் வீட்டுக் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடலைத் தாண்டி, பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் இருக்கும் புலாவ் புரோங் குப்பைக் கிடங்குக்குச் சேர்கிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. புகையில் அவதிப்பட்டவர்களில் பக்கத்து பைராம் தோட்டத்து மக்களும் அடக்கம். தீவில் நாம் கட்டி வீசிய பையின் வாடை கடைசியில் ஒரு தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

மலேசிய வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு உணவுக் கழிவுதான். வெளியில் கிடந்தால் அது காற்றுப் பட்டு மக்கிவிடும். கிடங்கில் மற்ற குப்பைக்கு அடியில் காற்றே இல்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்புகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எளிதில் தீப்பிடிக்கும் வாயுவும் அதுதான். இன்னொரு பக்கம், உணவுக் கழிவின் ஈரம் மற்ற குப்பையோடு கலந்து கறுப்புக் கசிவு நீராக இறங்குகிறது. ஆக, பையில் இருந்து சோற்றையும் காய்கறித் தோலையும் பிரித்து எடுத்தாலே பெரிய வேலை முடிந்த மாதிரி.

எந்த முறைக்கும் முன்னால் அளவைக் குறைப்பது இருக்கிறது. அதைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை, வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியாததல்ல. ஒன்று மட்டும்: ஒரு வாரம் உங்கள் கழிவை இரண்டு பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் பச்சையாக வெட்டிப் போட்ட தோலும் காம்பும், இன்னொன்றில் சமைத்து மிஞ்சியது. இரண்டாவது பாத்திரம் நிறைந்தால் உங்களுக்கு வேண்டியது உர வாளியே அல்ல, ஒரு டம்ளர் அரிசி குறைத்துப் போடுவதுதான். முதல் பாத்திரம் நிறைந்தால் மேலே படியுங்கள். இந்தப் பிரிப்பு பின்னாலும் உதவும், ஏனென்றால் சில முறைகள் சமைத்ததை ஏற்காது.

பொக்காஷி: எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், பிறகு மண் கேட்கும்

ஜப்பானின் ஒக்கினாவா தீவில் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய நுண்ணுயிர்க் கலவையிலிருந்து இன்றைய பொக்காஷி வாளிகள் வந்தன. காற்றுப் புகாத வாளி, கீழே ஒரு குழாய், உள்ளே சல்லடைத் தட்டு. கழிவைப் போட்டு, நுண்ணுயிர் கலந்த தவிட்டை மேலே தூவி, அமுக்கி, மூடிவிட வேண்டும். வாளி நிறைந்ததும் ஏறக்குறைய இரண்டு வாரம் திறக்காமல் வைக்க வேண்டும். அதனால் இரண்டு வாளி இருந்தால்தான் வண்டி ஓடும்: ஒன்று ஊறும்போது இன்னொன்றில் போடலாம். இதன் பெரிய பலம், மீன் முள், கோழித் தோல், மிஞ்சிய குழம்புச் சோறு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். மீன் இல்லாத நாளே இல்லாத நம் பினாங்கு வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரியாக ஊறிய வாளியைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு வாடை வரும். மேலே வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தால் நல்ல அறிகுறி. பச்சையோ கறுப்போ படர்ந்து, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறினால் எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது அல்லது தவிடு போதவில்லை. குழாயில் இறங்கும் நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிடித்துவிட வேண்டும். தேங்கினால் அதுவே நாற்றத்துக்குக் காரணம். அந்த நீரை நூறு மடங்கு தண்ணீரில் கலந்து அன்றைக்கே செடிக்கு ஊற்றலாம். செடி இல்லாவிட்டால் கழிவறையில் ஊற்றிவிடுங்கள், வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம்.

இனிதான் சிக்கல். இரண்டு வாரம் ஊறியது உரமல்ல. போட்ட கத்தரிக்காய்க் காம்பு கத்தரிக்காய்க் காம்பாகவே இருக்கும், புளித்திருக்கும், அவ்வளவுதான். அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரம் விட்டால்தான் கரையும். கம்போங்கில் (கிராமத்தில்) அண்ணன் வீடு இருக்கிறது, பின்னால் வாழை நிற்கிறது என்றால் இதைவிட நல்ல முறை கிடையாது. வாரக்கடைசியில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் வாழைக்கும் ஆச்சு, அண்ணியையும் பார்த்த மாதிரி ஆச்சு. பதினெட்டாவது மாடியில், கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றும் கற்றாழைத் தொட்டி ஒன்றும்தான் என்றால், மாதத்துக்கு இரண்டு வாளிக் கூழை எங்கே புதைப்பது? பெரிய பெட்டியில் பழைய தொட்டி மண்ணோடு கலந்து வைத்துக் கரைக்கும் வழி ஒன்று உண்டு. செய்யலாம். ஆனால் மண் மூட்டையை மாடிக்கு ஏற்றி, அதற்கு இடம் ஒதுக்கி, உப்புச் சேர்ந்த மண்ணை அவ்வப்போது மாற்றி என்று வேலை நீளும். தவிட்டை விற்பவர் இந்த இரண்டாம் பாதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தக்காகுரா கூடை: பெருகாமல் சுருங்கும்

மாடி வீட்டுக்கு எது என்று ஒரே ஒரு பதில் கேட்டால் நான் கூடையைத்தான் சொல்வேன். ஜப்பானின் கித்தாக்யூஷூவைச் சேர்ந்த கோஜி தக்காகுரா, 2000களின் நடுவில் இந்தோனேசியாவின் சுராபாயா நகரத்து வீடுகளுக்காக வடிவமைத்த முறை இது. நம்மைப் போலவே வெயிலும் மழையும் புழுக்கமும் உள்ள ஊர், நெருக்கமான வீடுகள், சோறு சாப்பிடும் ஜனங்கள். அதனால் நமக்கும் அப்படியே பொருந்துகிறது. அழுக்குத் துணி போடும் ஓட்டைக் கூடை ஒன்று, உள்பக்கம் சுற்றிலும் அட்டை, அடியில் உமி நிரப்பிய ஒரு பை. நடுவில் உமியும் தவிடும் கலந்து தபே (புளிக்கவைத்த அரிசி அல்லது மரவள்ளி), தயிர் போன்ற புளித்த பொருளால் உயிரூட்டிய படுக்கை. தினமும் பொடியாக நறுக்கிய கழிவை அதில் போட்டுக் கிளறி, மேலே துணியைப் போட்டு மூட வேண்டும். இது காற்று வேண்டும் முறை. பொக்காஷிக்கு நேர் எதிர்.

என் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் துணி காயவைக்கும் இடத்தில் இப்படி ஒரு கூடை வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தால் குப்பை என்றே தோன்றாது. காப்பித்தூள் நிறத்தில் உதிரியான பொடி, மழை பெய்த தரையின் வாடை. கையை உள்ளே விடச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. “சூடு இருந்தா அது சாப்பிடுதுன்னு அர்த்தம் தம்பி. சூடு இல்லன்னா ஒண்ணு நீ தண்ணி அதிகமா விட்டிருப்ப, இல்லன்னா அதுக்குப் பசி,” என்றார். ஈரத்துக்கு அவருடைய அளவுகோல் எளிது: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். உருண்டையாக நின்று, விரலிடுக்கில் தண்ணீர் சொட்டாமல் இருந்தால் சரி. சொட்டினால் உமியோ தென்னைநார்த் தூளோ கிழித்த அட்டையோ சேர்க்க வேண்டும். தர்ப்பூசணித் தோலை அப்படியே போட்டுவிட்டு, கூடை நாறுகிறது என்று புகார் சொல்பவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

இந்த முறை கேட்பது உழைப்பு. பெரிதாக ஒன்றுமில்லை, தினம் ஐந்து நிமிடம், ஆனால் தினம். ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் கூடை குளிர்ந்து கிடக்கும். கொஞ்சம் தவிடும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்து எழுப்பலாம். மீன், இறைச்சி, எண்ணெய் மிதக்கும் குழம்பு இதற்கு ஆகாது. சோறு கொஞ்சம் போடலாம், கட்டியாகப் போட்டால் புளித்துப் பிசுபிசுக்கும். சக்கையாகப் பிழிந்த தேங்காய் மெதுவாகத்தான் மக்கும், எறும்பையும் கூப்பிடும், நன்றாக நடுவில் புதைக்க வேண்டும். துணி சரியாக மூடாவிட்டால் பழ ஈ வரும். சில வீடுகளில் கருப்பு நிறத்தில் குளவி போன்ற ஒரு ஈ வந்து முட்டையிட்டுப் போகும். அதன் புழு கழிவைத் தின்று தீர்ப்பதில் கெட்டி, கடிக்காது, நோயும் பரப்பாது. ஆனால் கூட்டுப்புழுவாகும் நேரத்தில் கூடையைவிட்டு வெளியேறி வரவேற்பறை வரை ஊர்ந்து வரும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

குன்றுப் பக்கம் இருக்கும் அடுக்குமாடிகளில் குரங்குத் தொல்லையும் உண்டு. பால்கனியில் கூடை வைத்தால் அது கவிழ்ந்து கிடப்பதைக் காலையில் பார்க்க நேரிடும். அங்கே கூடை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அப்புறம், எந்த முறையாக இருந்தாலும் கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும், சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது உரம் போடுகிறேன் என்ற விளக்கம் அபராதத்தைத் தடுக்காது.

கூடையின் உண்மையான அனுகூலம் கடைசியில்தான் தெரியும். காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காற்றும் சூடும் அதை ஆவியாக்கிவிடுவதால், நாள்தோறும் போட்டாலும் கூடை நிறைவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நிறைந்ததும் பாதியை எடுத்துத் தனியாக ஆறவைத்தால் தொட்டிச் செடிக்கு உரம், மீதிப் பாதி அடுத்த சுற்றுக்கு விதை. நாலைந்து தொட்டி வைத்திருப்பவர் கையாளக்கூடிய அளவுதான் வெளியே வரும்.

என்சைம்: பினாங்கின் செல்லப் பிள்ளை

தாய்லாந்தின் டாக்டர் ரொசுகோன் பூம்பன்வோங் தொடங்கி, பினாங்கின் டாக்டர் ஜோயன் ஊன் ஊரூராகப் பரப்பிய ‘குப்பை என்சைம்’ இங்கே தெரியாதவர்கள் குறைவு. கோயில், பள்ளி, தாமான் (குடியிருப்பு) குழு என்று எங்கும் பட்டறை நடந்திருக்கிறது. அளவு எல்லாருக்கும் மனப்பாடம்: சர்க்கரை 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் செய்யவே கூடாது, வெடிக்கும். ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசித் தோலில் செய்தால் வாசனை நன்றாகவே இருக்கும்.

செய்யலாம், தவறில்லை. ஆனால் அது என்ன என்று தெரிந்து செய்ய வேண்டும். சர்க்கரையைப் புளிக்கவைத்தால் முதலில் கொஞ்சம் சாராயம், பிறகு காடி. மூன்று மாதம் கழித்துக் கையில் இருப்பது பெரும்பாலும் மென்மையான பழக்காடி. காடி என்ன செய்யுமோ அதைச் செய்யும்: தரையின் பிசுக்கைப் போக்கும், குளியலறையின் உப்புக் கறையை இளக்கும், வடிகாலின் வாடையைக் கொஞ்சம் அடக்கும். இது ஓசோனை உண்டாக்குகிறது, ஆற்றைச் சுத்தமாக்குகிறது, நோயைத் தீர்க்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேதியியலில் இடமில்லை. புளிக்கும் பாட்டிலில் இருந்து வருவது கரியமில வாயு. ஓடும் ஆற்றில் சர்க்கரைச் சத்துள்ள நீரை வாளி வாளியாக ஊற்றினால் அதைத் தின்னும் நுண்ணுயிர் நீரில் இருக்கும் பிராணவாயுவையும் சேர்த்துத்தான் செலவழிக்கும். குடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குப்பைக் குறைப்பு என்ற கோணத்தில் பார்த்தால் கணக்கு இன்னும் மெலிகிறது. மூன்று கிலோ தோலுக்கு ஒரு கிலோ சர்க்கரை கடையில் வாங்க வேண்டும். அந்தச் சர்க்கரையும் எங்கோ கரும்புக் காட்டில் தண்ணீரும் எரிபொருளும் குடித்து வந்ததுதான். வடிகட்டியதும் சக்கை அப்படியே மிஞ்சும், அதை மீண்டும் எங்காவது போட்டாக வேண்டும். மீன், சோறு, வெங்காயத் தோல் எதுவும் இதில் சேராது. ஆக, என் கருத்தில் இது குப்பைக்கு விடை இல்லை, கடையில் தரை கழுவும் திரவம் வாங்குவதைக் குறைக்க ஒரு வழி. அந்த அளவுக்கு ஒரு பாட்டில் போட்டால் போதும். பால்கனி முழுக்கப் பாட்டிலை அடுக்கி வைத்துவிட்டு, தீர்க்க ஆள் தேடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மின் இயந்திரம்

மேசை மேல் வைக்கும் இயந்திரம், இரவில் போட்டால் காலையில் ‘உரம்’ என்று விளம்பரம் வருகிறது. பெரும்பாலானவை செய்வது கழிவைச் சூடாக்கி, அரைத்து, காயவைப்பது. காலையில் கிடைப்பது காய்ந்த சோறும் காய்ந்த காய்கறியும், பொடியாக. தண்ணீர் பட்டால் மறுபடி ஊறி, பூசணம் பிடித்து, மக்கத் தொடங்கும், ஏனென்றால் அது இன்னும் மக்கவே இல்லை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் போகும், விலையும் எளிதில் ஆயிரம் வெள்ளியைத் தொடும். நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து வரும் மின்சாரத்தில் வாழைப்பழத் தோலைக் காயவைப்பதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையால் கிளற முடியாத வயதானவர், அல்லது எலித் தொல்லையால் குப்பையை வீட்டிலேயே வைத்திருக்க முடியாதவர் வாங்கினால் புரிந்துகொள்வேன். நாற்றம் போகும், எடை குறையும். அவ்வளவுதான்.

கீழே ஒரு பொதுத் தொட்டி

தனித்தனி வீட்டில் போராடுவதைவிட, கட்டடத்தின் கீழே ஒரு மூலையில் எல்லாருக்குமாக ஒரு தொட்டி என்ற யோசனை அழகானது. அளவு பெரிதானால் உள்ளே சூடு நன்றாக ஏறும், சீக்கிரம் மக்கும், உரம் போட மரம் செடியும் கீழேயே இருக்கும். ஆனால் அந்த மூலை யாருடைய சொந்த இடமும் இல்லை. 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி பொது இடத்தை நிர்வகிப்பது கட்டடத்தின் நிர்வாகக் குழு. அவர்களைக் கேட்காமல் நடைபாதையில் வாளி வைத்தால் முதல் வாரமே கடிதம் வரும், நியாயமான கடிதம்தான், தீ விபத்து நேரத்தில் ஓடும் வழி அது.

குழுவிடம் போகும்போது, சுற்றுச்சூழலைக் காப்போம் என்று தொடங்காதீர்கள். எலி வராது என்பதற்கு என்ன ஏற்பாடு, காய்ந்த இலையை யார் சேர்த்து வைப்பது, யார் கிளறுவது, பள்ளி விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, இந்த நான்குக்கும் பெயரோடு பதில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை என்பது புழக்கத்தில் உள்ள அளவு. புல் வெட்ட வருபவர் பையில் கட்டி எறியும் இலையை ஒதுக்கி வைக்கச் சொன்னாலே அது கிடைத்துவிடும். வீட்டுத் தோட்டம், இயற்கை உரம் பற்றிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகத் தமிழிலும் சொல்லிவருகிறது. குழுவில் ஒருவர் அதைக் கற்றுக்கொண்டு வந்தாலே போதும். ஒருவர்கூட முன்வராத கட்டடத்தில் பொதுத் தொட்டி வைக்காதீர்கள். மூன்றாவது மாதத்தில் அது குப்பைத் தொட்டியாகிவிடும், பிறகு பத்து வருடத்துக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் உரம் என்ற பேச்சை எடுக்க முடியாது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான்

கைக்குழந்தை, இரவு ஷிஃப்ட், பராமரிக்க வேண்டிய பெற்றோர் என்று இருக்கும் வீட்டில் இதெல்லாம் முடியாது. முடியாது என்றால் முடியாதுதான், யாரும் குற்ற உணர்ச்சியோடு குப்பை கட்ட வேண்டாம். கழிவைக் குப்பை லோரிக்கே கொடுக்கும்போதும் செய்யக்கூடியது உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு சல்லடை வைத்துத் தண்ணீரை நன்றாக வடித்துப் போடுங்கள். மீன் குடலையும் இறால் ஓட்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து, குப்பை எடுக்கும் நாளில் மட்டும் வெளியே எடுங்கள். மிக முக்கியமாக, குழம்பு கொட்டிய பையில் அட்டையையும் பாட்டிலையும் போடாதீர்கள். எண்ணெய் பட்ட அட்டையை மறுசுழற்சிக்காரர் தொடமாட்டார். பினாங்கில் 2016 ஜூன் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கை நடப்பில் இருக்கிறது. பிரித்ததைச் சுத்தமாக வைத்திருப்பதும் அதில் சேர்த்திதான்.

கோலாலம்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே 2007 திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருப்பதால், 2015 செப்டம்பர் 1 முதல் பிரிப்பது கட்டாயம். மக்களிடம் பழக்கம் வரட்டும் என்று காத்திருந்து, 2016 ஜூன் முதல்தான் அபராதத்தைத் தொடங்கினார்கள். தரை வீடுகளில் குப்பை அள்ளும் நிறுவனமான அலாம் ஃபுளோரா வாரம் இருமுறை சாதாரணக் குப்பையையும் ஒருமுறை மறுசுழற்சிப் பொருளையும் எடுக்கும். மாநகரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையம் வழியாக புக்கிட் தாகார் கிடங்குக்குப் போகிறது. அங்கே மீத்தேனில் ஒரு பகுதியைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதனால் கோலாலம்பூரில் ஒன்றும் செய்ய முடியாதவரின் குப்பை, ஒன்றுமே பிடிக்காத கிடங்குக்குப் போகும் குப்பையைவிடக் கொஞ்சம் குறைவாகவே கெடுக்கும்.

யாருக்கு எது

சைவக் குடும்பம், நாலைந்து தொட்டிச் செடி, வீட்டில் தினமும் ஒருவர் இருப்பார்: கூடை. இரண்டாவது யோசனையே வேண்டாம். தினம் மீன் வாங்கும் வீடு, கிராமத்திலோ தாமானிலோ மண் உள்ள உறவினர் ஒருவர்: பொக்காஷி. மீன் வாங்கும் வீடு, மண் உள்ள உறவினர் யாருமில்லை: காய்கறித் தோலைக் கூடைக்கும் மீன் கழிவை ஐஸ் பெட்டி வழியாக லோரிக்கும் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே முறையில் அடக்க நினைத்துத்தான் பலர் கைவிடுகிறார்கள். புதிதாகக் கல்யாணமான இருவர், பாதி நாள் வெளியில் சாப்பாடு: உங்கள் வீட்டில் உரம் போடும் அளவுக்குக் கழிவே வராது. தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கப் போகும்போது தூக்குச்சட்டி கொண்டுபோவது உங்களுக்கு அதைவிடப் பெரிய குறைப்பு. நாசி கண்டார் கடையில் தூக்குச்சட்டியை நீட்டினால் குழம்பு ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

வாடகை வீடு என்றால் கூடையை விடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடு மாறும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு போகலாம், பொக்காஷி மண்பெட்டியைத்தான் தூக்க முடியாது. செடியே வைக்காதவர் ஒருவர் உரம் போட விரும்பினால், தொடங்கும் முன் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும். கோயில் நந்தவனம், பள்ளித் தோட்டம், கீழ்மாடியில் மல்லிகை வளர்க்கும் ஆன்டி, யாராவது ஒருவர் வேண்டுமென்று சொன்ன பிறகு கூடை வாங்கினால் போதும்.

எந்த முறையிலும் சேராதவையும் உண்டு. ஜூன், ஜூலையில் பாலிக் புலாவ் டுரியான் வந்துவிட்டால் தோல் மலையாகக் குவியும். அது வீட்டுக் கூடையில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடையிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, சுளையை மட்டும் டப்பாவில் கொண்டுவாருங்கள். ஆட்டு எலும்பு, மாங்கொட்டை, சிப்பி ஓடு எல்லாம் லோரிக்கு. விருந்து முடிந்த வாழையிலையைக் கத்தரிக்கோலால் கீற்றாக வெட்டினால் கூடை ஏற்கும், முழுசாகப் போட்டால் காற்றை அடைத்துவிடும். தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைக் கூடையிலோ வாளியிலோ பாத்திரத் தொட்டியிலோ ஊற்ற வேண்டாம். ஆறவைத்து, வடிகட்டி, பழைய பாட்டிலில் நிரப்பிவைத்தால், பழைய எண்ணெய் வாங்குபவர்கள் எடைக்குக் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள், அது பயோடீசலுக்குப் போகிறது. பாட்டிலில் தண்ணீர் கலந்திருந்தால் வாங்கமாட்டார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.